நோக்கியா என்800, என்810: இன்றைய வைஃபையில் இணைப்பது எப்படி

நோக்கியாவின் 770, என்800, என்810 மூன்றும் கையடக்க இணைய டேப்ளட்டுகள். போன் அல்ல, சிம் போட இடமே கிடையாது. 2005 நவம்பரில் 770 கடைக்கு வந்தது. ஐபேட் வர அதற்குப் பிறகு நாலு வருடத்துக்கு மேல் ஆனது. 2007 ஜனவரியில் என்800, அதே வருடக் கடைசியில் இழுத்தால் கீபோர்ட் வெளியே வரும் என்810. நாலு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டிய திரையில் 800க்கு 480 புள்ளிகள், உள்ளே டெபியனை ஒட்டி எழுதப்பட்ட மேமோ லினக்ஸ். வெளியுலகத்தோடு பேச இரண்டே வழி: வைஃபை, அல்லது புளூடூத் மூலம் ஒரு கைபேசி.

பழைய பொருள் விற்கும் தளங்களில் இவை இன்னும் கிடைக்கின்றன. வாங்கிய கையோடு பலரும் சொல்லும் புகார், "வைஃபை போய்விட்டது" என்பது. பெரும்பாலும் போயிருக்காது. கருவியின் ரேடியோ அப்படியேதான் இருக்கிறது, ரவுட்டர்கள்தான் மாறிவிட்டன. நெட்வொர்க் பட்டியலில் பெயரே தெரியவில்லையா, பெயர் தெரிந்தும் சேர மறுக்கிறதா, சேர்ந்தும் பக்கம் திறக்கவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கீழே சொல்வதெல்லாம் மேமோவின் ஓஎஸ் 2008 பதிப்பு ஓடும் என்800, என்810-க்கு. 770-இல் மெனு கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

அதற்கு முன் பேட்டரி. 770-க்கும் என்800-க்கும் பிபி-5எல், என்810-க்கு பிபி-4எல். இரண்டும் அந்தக் காலத்து ஈ வரிசை போன்களிலும் இருந்தவை என்பதால் தேடினால் கிடைக்கும். பல வருடம் பெட்டிக்குள் கிடந்த பேட்டரி திரையை எரிய வைக்கும், ஆனால் வைஃபை இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காது. இணைக்கப் போகும்போது மட்டும் கருவி அணைந்து எழுந்தால் குற்றவாளி பேட்டரிதான். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். சார்ஜர் நோக்கியாவின் மெல்லிய 2 மிமீ முனை. என்810-இல் மைக்ரோ யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று அதில் செருகிக் காத்திருக்காதீர்கள், அது சார்ஜ் ஏற்றாது.

பட்டியலில் பெயரே இல்லையென்றால்

இந்தக் கருவிகளுக்கு 802.11பி, 802.11ஜி மட்டுமே தெரியும். அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் பக்கத்து மேசையிலேயே இருந்தாலும் இதன் கண்ணுக்குப் படாது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, கருவிகளைத் தானே இங்கும் அங்கும் தள்ளும் வசதி இப்போதைய ரவுட்டர்களில் உண்டு. அதை நிறுத்தி 2.4-க்குத் தனிப் பெயர் கொடுப்பது நல்லது.

அந்த 2.4 பகுதியிலும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். பயன்முறை "என் மட்டும்" (802.11என் மட்டும்) என்று இருந்தால் ஜி கருவி சேர முடியாது. பி, ஜி, என் மூன்றும் கலந்த முறை வேண்டும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் எண் 1, 6, 11 இவற்றில் ஒன்று. தானாகத் தேர்வு செய்யும்படி விட்டால் ரவுட்டர் 12, 13 பக்கம் போகலாம், அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் அங்கே தேடாது. பெயரில் எமோஜி, தமிழ் எழுத்து எல்லாம் வேண்டாம். வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

பெயர் தெரிந்தும் சேர மறுத்தால்

அப்படியானால் சிக்கல் பூட்டில் இருக்கிறது. வைஃபை பூட்டின் புதிய வகையான டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். இந்தக் கருவிகள் அதற்குப் பத்து வருடம் மூத்தவை. ரவுட்டரில் டபிள்யூபிஏ2 பர்சனல், ஏஇஎஸ் என்று மட்டும் வையுங்கள். "டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும்" என்ற கலப்பு முறை பேச்சளவில் பழைய கருவிகளையும் ஏற்கும். நடப்பில் பழைய டிரைவர்கள் பல அந்த அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பு (பிஎம்எஃப்) என்ற அமைப்பு "கட்டாயம்" என்று இருக்கக் கூடாது. வேகமாக இடம் மாறுவதற்கான 802.11ஆர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வீட்டு நெட்வொர்க் முழுவதையும் இந்த ஒரு பழைய பெட்டிக்காகத் தளர்த்த வேண்டியதில்லை. விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, 2.4-இல் மட்டும் விட்டு, டபிள்யூபிஏ2 போடுங்கள். சில ரவுட்டர்களில் பூட்டின் வகை எல்லாப் பெயர்களுக்கும் ஒன்றுதான், அப்படியானால் பழைய ரவுட்டர் ஒன்றை அதற்கென்று தனியாக மாட்டுவதே மேல். டபிள்யூபிஏ2 பூட்டில் 2017-இல் வெளிப்பட்ட கிராக் என்ற ஓட்டைக்கு நோக்கியா இவற்றுக்குத் திருத்தம் எதுவும் தரவில்லை. அதனாலும் இதை மற்றக் கணினிகளோடு ஒரே நெட்வொர்க்கில் விடாமல் தனியே வைப்பதுதான் சரி. எரிச்சலில் டபிள்யூஈபி என்ற பழைய பூட்டுக்கு இறங்கிவிடாதீர்கள். அது பூட்டே இல்லாததற்குச் சமம்.

கருவிப் பக்கம்: கண்ட்ரோல் பேனலில் கனெக்டிவிட்டி, அதில் கனெக்ஷன்ஸ், அதில் நியூ. ஒரு பெயர் கொடுத்து வகையில் டபிள்யூலேன் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க் பெயர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். முறை "இன்ஃப்ராஸ்ட்ரக்சர்", "அட் ஹாக்" என்பது இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேச. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், "டபிள்யூபிஏ ப்ரீ ஷேர்ட் கீ" என்பதுதான் இரண்டுக்கும். ஈஏபி என்று போட்டிருப்பது அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகளுக்கு. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து. திரைக் கீபோர்டில் ஸ்டைலஸால் தட்டும்போது முதலெழுத்து தானாகப் பெரியதாகிவிடுவது உண்டு, கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்வதும் உண்டு. "சரியாகத்தானே போட்டேன்" என்பதில் பாதி இதுதான்.

சேர்ந்த பிறகு திணறினால்

இங்கேதான் பலர் கருவியைக் குறை சொல்லிவிட்டுக் கைவிடுகிறார்கள். சிக்னல் முழுசாக இருக்கும், பக்கம் மட்டும் விட்டு விட்டு வரும். ரிமோட் டெர்மினலில் தட்டிய எழுத்து அரை நொடி கழித்துத் தெரியும். காரணம் பெரும்பாலும் மின்சேமிப்பு. வைஃபை சிப் தூங்கப் போகும்போது ரவுட்டரிடம் சொல்லிவிட்டுப் போகும். அதுவரை வரும் பொட்டலங்களை ரவுட்டர் பிடித்து வைத்திருந்து, நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை அனுப்பும் பீக்கன் அறிவிப்பில் "உனக்குச் சரக்கு இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். கருவி எழுந்து வாங்கிக்கொள்ளும். எல்லா ரவுட்டரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. சிலது பிடித்து வைக்காமல் கொட்டிவிடும், சிலது தாமதமாகச் சொல்லும்.

இணைப்பின் அமைப்பில் அட்வான்ஸ்ட், அதில் அதர் பக்கம். பவர் சேவிங் அங்கே மூன்று நிலையில் இருக்கும்: அதிகபட்சம், நடுத்தரம், அணை. முதலில் அணைத்துப் பாருங்கள். திணறல் நின்றால் நோய் தெரிந்துவிட்டது, பிறகு நடுத்தரத்துக்கு ஏற்றி அது தாங்குகிறதா என்று பார்க்கலாம். அணைத்தே வைத்தால் பேட்டரி கண் முன்னால் இறங்கும் என்பதால் இந்தச் சோதனை வீண் போகாது. அதே பக்கத்தில் ஒலிபரப்புத் திறன் 10, 100 மில்லிவாட் என்று இருக்கும். ரவுட்டரின் சிக்னல் நன்றாகத் தெரிந்தும் இணைப்பு அறுந்தால் இது 10-இல் கிடக்கிறதா பாருங்கள். ரவுட்டர் பேசுவது இதற்குக் கேட்கும், இது பேசுவது ரவுட்டருக்குக் கேட்காது.

சும்மா வைத்துவிட்டு வந்தால் இணைப்பு போய்விடுகிறதா? அது கோளாறு அல்ல. கனெக்டிவிட்டியில் ஐடில் டைம்ஸ் என்ற பகுதியில் வைஃபைக்கு ஒரு நேர வரம்பு இருக்கிறது. இணைய வானொலி கேட்பவர்கள், பின்னணியில் ஏதாவது ஓட விடுபவர்கள் அதை வரம்பில்லாமல் ஆக்கிக்கொள்ளலாம். தானாகத் தேடும் இடைவெளியும் பக்கத்திலேயே உண்டு. அதைக் குறைவாக வைத்தால் வெளியே எடுத்துப் போகும்போது வீணாகத் தேடித் தேடியே பேட்டரி தீரும்.

கைபேசி வழியாக

அன்றைக்கு இந்த டேப்ளட்டுகளின் கதையே பையில் ஒரு நோக்கியா போன் இருக்கும் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டது. புளூடூத்தில் ஜோடி சேர்த்து, டயல்அப் முறையில் *99# என்ற எண்ணை அழைத்து, ஆபரேட்டரின் ஏபிஎன் (இணைய நுழைவாயில்) பெயரைக் கொடுத்தால் ஜிபிஆர்எஸ் இணையம் கிடைக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் பெரும்பாலும் காலியாகவே விடலாம். எஸ்40, சிம்பியன் வகைப் பழைய போன்கள் கைவசம் இருந்து, உங்கள் ஊரில் 2ஜி அல்லது 3ஜி இன்னும் ஓடினால் இன்றும் இது வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டு போனோடு முயன்றால் ஜோடி சேரும், இணையம் வராது. ஆண்ட்ராய்டு புளூடூத்தில் இணையத்தைப் பகிர்வது பேன் என்ற வேறு முறையில். இந்த டேப்ளட்டுகள் கேட்பது டன் என்ற பழைய முறையை. மேமோவுக்கு ஆர்வலர்கள் எழுதிய பேன் கூடுதல் நிரல் ஒன்று உண்டு, ஆனால் அதோடு மல்லுக்கட்டுவதற்கு வைஃபை ஹாட்ஸ்பாட் எவ்வளவோ மேல். ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசை 2.4, பாதுகாப்பு டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்ற பொத்தானை இயக்கினால் 2.4-க்கு இறங்கும். அந்த ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு டேப்ளட்டில் தேடுங்கள், யாரும் சேராமல் இருந்தால் ஐபோன் சீக்கிரம் ஒளிந்துகொள்ளும்.

என்810-இலேயே வைமேக்ஸ் (தொலைதூர வயர்லெஸ் இணைய முறை) பதிப்பு என்று ஒன்று 2008-இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கான ஸ்பிரிண்ட் வைமேக்ஸ் நெட்வொர்க் 2016-இல் மூடப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், சாதாரண வைஃபை அதிலும் உண்டு.

இணைப்பு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை

ரவுட்டரின் கருவிப் பட்டியலில் டேப்ளட் தெரிகிறது, முகவரியும் வாங்கியிருக்கிறது. ஆனாலும் கூகுள் திறக்கவில்லை. வைஃபை தன் வேலையை முடித்துவிட்டது, இனி சிக்கல் பிரவுசரில். ஓஎஸ் 2008-இன் பிரவுசரான மைக்ரோபி, மோசில்லாவின் இன்ஜினில் ஓடுவது. பூட்டிய (எச்டிடிபிஎஸ்) தளங்களோடு பேச உதவும் மறையாக்க முறை டிஎல்எஸ்; அதில் இதற்குத் தெரிந்தது 1.0 வரைதான். இன்றைய தளங்கள் 1.2-க்குக் கீழே பேச மறுக்கின்றன. சான்றிதழ் எச்சரிக்கையை எத்தனை முறை ஏற்றுக்கொண்டாலும் இதற்குப் பலன் இல்லை, கைகுலுக்கலே நடக்கவில்லை. பேட்டரி கழற்றிக் கிடந்த கருவி என்றால் தேதியையும் பாருங்கள். வருடம் தப்பாக இருந்தால் மிஞ்சிய ஒன்றிரண்டு தளங்களும் சான்றிதழைக் காட்டித் தகராறு செய்யும்.

ஆகவே இணைப்பைச் சோதிக்க எப்போதும் பூட்டில்லாத ஒரு பக்கத்தைத் திறங்கள். எக்ஸாம்பிள் டாட் காம், நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இரண்டும் சாதா எச்டிடிபியில் வருபவை. பழைய பிரவுசர்களுக்கென்றே நடக்கும் ஃப்ராக்ஃபைண்ட் தேடுபொறியும் அப்படித்தான். அப்ளிகேஷன் மேனேஜர் பிழை காட்டினால் அதை வைத்து நெட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதில் எழுதியிருக்கும் நோக்கியாவின் சர்வர்கள்தான் இல்லை.

ஓட்டல், ரயில் நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் முதலில் வர வேண்டும். அதை வரவழைக்கவும் சாதா எச்டிடிபி முகவரிதான் வேண்டும். உள்நுழைவுப் பக்கமே டிஎல்எஸ் 1.2 கேட்டால் டேப்ளட்டால் தாண்ட முடியாது. பயணத்துக்கான குட்டி ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்து, அதன் வழியாக நிகழ்காலப் போனில் உள்நுழைந்துவிட்டால், பின்னால் இருக்கும் டேப்ளட்டும் போகும்.

வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடைத்தரகர் சர்வரே வழி. ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினி ஒன்றில் வெப்ஒன் என்ற ப்ராக்ஸியை ஓட விடுங்கள். அது வெளியே நவீன டிஎல்எஸ் பேசி, உள்ளே டேப்ளட்டுக்குச் சாதா எச்டிடிபியாகக் கொடுக்கும். டேப்ளட்டில் இணைப்பின் அட்வான்ஸ்ட் அமைப்பில் ப்ராக்ஸிஸ் பக்கத்தில் அந்தப் பையின் முகவரியும் போர்ட் 8080-உம் எழுதினால் போதும். ப்ராக்ஸி ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும், வீட்டு இணைப்புக்கு மட்டும் இது, ஹாட்ஸ்பாட்டுக்கு வேண்டாம் என்று வைக்கலாம். ஆனால் விருந்தினர் நெட்வொர்க்கில் டேப்ளட்டைத் தனிமைப்படுத்தியிருந்தால் பையும் அதே பக்கம் இருக்க வேண்டும், கருவிகள் ஒன்றையொன்று பார்க்க அனுமதியும் வேண்டும். இல்லையென்றால் ப்ராக்ஸி கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

டிஎல்எஸ் தீர்ந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் சுமை இருக்கிறது. என்800, என்810-இன் நினைவகம் 128 எம்பி, செயலி 400 மெகாஹெர்ட்ஸ். கனமான தளம் வேண்டுமென்றால் டபிள்யூஆர்பி என்ற இன்னொரு ப்ராக்ஸி, பக்கத்தைத் தானே திறந்து படமாக்கி அனுப்பும்; படத்தின் மேல் தட்டினால் இணைப்பு வேலை செய்யும். சுருள்வது மெதுவாகத்தான் இருக்கும், படிக்க முடியும். இந்த இரண்டு வழியிலும் டேப்ளட்டுக்கும் பைக்கும் நடுவில் எல்லாம் திறந்தே போகிறது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் கடவுச்சொல் எதையும் இதில் தட்டக் கூடாது.

எஸ்எஸ்எச் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ-1 கையெழுத்து கொண்ட பழைய ஆர்எஸ்ஏ முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. டேப்ளட்டிலிருந்து போனால் சர்வர் கதவைச் சாத்தும். அந்த ஒரு முறையை உள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரே ஒரு சர்வரில் மட்டும் திரும்ப அனுமதித்து, அங்கிருந்து மற்றவற்றுக்குத் தாவுங்கள். இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வரில் அதைச் செய்ய வேண்டாம்.