முகடு போல ஓர் எழுத்து

பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவுக்கு வந்த முதல் வாரத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்துதான். ஓலைக்கூரையின் முகடு மாதிரி இரண்டு கோடுகள் சாய்ந்து மேலே சேர்ந்து நிற்கும். நீலச் சாயத்தில், ஆள் உயரத்துக்கு. எங்கள் குடியிருப்பின் பக்கச் சுவர், டிராம் நிறுத்தத்தின் பின்புறம், பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். நம் ‘ல்’ ஒலிக்கு இவர்கள் எழுத்து அது. லெவ்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்து. அது ஆளின் பெயரா, கட்சியின் பெயரா என்பதுகூட அன்றைக்குத் தெரியாது.

2021 அக்டோபரில் வந்தோம். கணவருக்கு இங்கே மென்பொருள் வேலை, மகனுக்கு அப்போது ஆறு வயது. சுஹாத்தா ரெக்கா என்ற பகுதியில் கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. கான்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டிய பழைய அடுக்குமாடி. ‘வறண்ட ஆறு’ என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள் என்று பிறகு தெரிந்தபோது மனசுக்கு நெருக்கமாகிவிட்டது. எங்கள் ஊர் ஆற்றிலும் முக்கால்வாசி நாள் மணல்தான்.

குடியிருப்பின் வாசற்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பாட்டியின் புகைப்படம், சுற்றிக் கறுப்புக் கட்டம், கீழே சில வரிகள். ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனாலும் சட்டென்று புரிந்தது. நம் ஊர் கண்ணீர் அஞ்சலி. இங்கே இதை நெக்ரோலோக் என்கிறார்கள். நாம் ஒருமுறை ஒட்டி விட்டுவிடுவோம். இவர்கள் 40 நாள், ஆறு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று ஒவ்வொரு நினைவு நாளுக்கும் புதிதாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். மரத்தில், பேருந்து நிறுத்தத்தில், இறந்தவர் வாழ்ந்த வீட்டுக் கதவில். வந்த புதிதில் அந்தப் பாட்டியைப் பார்க்காமல் நான் ஒருநாளும் வெளியே போனதில்லை. பயமாக இல்லை. துணையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டம் வரவில்லை. கறிவேப்பிலைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. தயிர் நம் தயிரைவிடக் கெட்டி, நல்ல புளிப்பு. அதில் சாதம் பிசைந்து சாப்பிட்ட முதல் இரவு நான் அழுதேன்.

கஷ்டம் பெயரில் வந்தது. என் பெயர் எழிலரசி. நாம் ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் போடும் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் இவர்கள் தங்கள் சிரில்லிக் எழுத்துமுறையில் வேறோர் எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதன் ஒலி ‘ஜ’வுக்கும் ‘ஷ’வுக்கும் நடுவில். ஒரு மொழிபெயர்ப்பில் நான் ‘எஜிலராசி’, இன்னொன்றில் ‘எசிலராசி’. இரண்டு பெயரும் ஒத்துப்போகவில்லை என்று ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அதோடு, இங்கே எல்லோருக்கும் மூன்று பெயர் உண்டு: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்பதை அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவருக்கு விளங்கவைக்க முடியவில்லை. கடைசியில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆனது. மருத்துவமனையில் ‘கோஸ்பொஜா’, அதாவது திருமதி, என்று அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிடும்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

கீழ்வீட்டுத் தாத்தா எங்களுக்குப் பழக்கமானது மகனால். முற்றத்தில் அவன் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா அவனுடைய நீல ஸ்வெட்டரைக் காட்டி, “லெவ்ஸ்கி?” என்றார். அவன் புரியாமல், இல்லை என்பதாகத் தலையை இடவலமாக ஆட்டினான். பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் ‘ஆமாம்’ என்று அர்த்தம். தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் ஒரு நீல மஃப்ளரோடு வந்து கதவைத் தட்டினார். மகன் அவரைத் ‘தியாதோ’ என்பான், தாத்தா என்று பொருள். என்னை அவர் ‘என் பெண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துப் பேசினோம். அப்புறம் நான் வகுப்புக்குப் போய் மொழி கற்கத் தொடங்கியதும் அதை ஓரம் வைத்தோம். என் பல்கேரிய மொழியில் பாதி லெவ்ஸ்கி என்ற கால்பந்துக் கிளப்பின் வரலாறு வழியாக வந்தது. ‘பறித்தார்கள்’, ‘திருப்பிக் கொடுத்தார்கள்’, ‘தடை’, ‘கோல்’ இதெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும்.

லெவ்ஸ்கி முதலில் ஓர் ஆள்தான். வாசில் இவானோவ் குன்சேவ், 1837-இல் கார்லோவோ என்ற ஊரில் பிறந்தவர். துறவியாக இருந்து, துறவாடையைக் களைந்து, துருக்கிய ஆட்சிக்கு எதிராக ஊர் ஊராக ரகசியக் குழு கட்டியவர். 1873 பிப்ரவரியில் சோஃபியாவில் தூக்கிலிட்டார்கள். லெவ்ஸ்கி என்றால் சிங்கம் போன்றவன். அவர் தாண்டிய ஒரு பெரிய தாண்டலைப் பார்த்துக் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் என்பார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 19-லும் அவர் நினைவுத்தூணில் மக்கள் வரிசையில் நின்று பூ வைக்கிறார்கள். நானும் அந்தப் பனியில் நின்றிருக்கிறேன்.

அந்தப் பெயரைச் சோஃபியாவின் இரண்டாவது ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் பந்துக்குழுவுக்கு வைத்தார்கள். 1914 மே 24-ஐ கிளப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். மே 24 இந்த நாட்டில் எழுத்துகளின் நாள், அரசு விடுமுறை. ஸ்லாவ் மொழிகளுக்கு எழுத்து வகுத்த சிரில், மெத்தோடி என்ற இரண்டு சகோதரத் துறவிகளை நினைத்து, பள்ளிப் பிள்ளைகள் பூவும் கையுமாக ஊர்வலம் போகிறார்கள். அகரவரிசைக்காக ஒரு நாடே விடுமுறை விடுவதை என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, இன்னொரு முறை சொல் என்றார். அந்த நாளில் பிறந்த கிளப்பின் சின்னம் ஒரே ஓர் எழுத்தாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தப் பெயரில் மூன்று முறை கை வைத்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின், 1949-இல் சோவியத் பாணியில் ‘தினாமோ’ என்று மாற்றினார்கள். 1957-இல்தான் பழைய பெயர் திரும்பியது. 1969-இல் ஸ்பார்ட்டாக் என்ற இன்னொரு கிளப்போடு சேர்த்து, உள்துறை அமைச்சகத்தின்கீழ் ‘லெவ்ஸ்கி-ஸ்பார்ட்டாக்’ ஆக்கினார்கள். மூன்றாவதுதான் பெரிய அடி. 1985 ஜூன் 18, கோப்பை இறுதியாட்டம். எதிரணி ராணுவத்தின் கிளப்பான சிஎஸ்கேஏ. இந்த இரண்டு கிளப்புக்கும் தலைமுறைப் பகை. சிஎஸ்கேஏ 2-1 என்று வென்றது, ஆனால் மைதானத்தில் அடிதடி. கட்சியின் மத்தியக் குழு கூடி இரண்டு கிளப்பையும் கலைத்துவிட்டது. லெவ்ஸ்கிக்கு ஊருக்கு மேலே நிற்கும் மலையின் பெயர், ‘வித்தோஷா’. சிஎஸ்கேஏவுக்கு ஊரின் பழைய பெயர், ‘ஸ்ரேதெத்ஸ்’. லெவ்ஸ்கி அந்த ஆண்டு வென்றிருந்த லீக் பட்டத்தையும் பறித்தார்கள், அது பிற்பாடு திரும்பக் கிடைத்தது.

சில ஆட்டக்காரர்களுக்கு ஆயுள் தடை. லெவ்ஸ்கியின் கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிஹாய்லோவும் அதில் ஒருவர், சிஎஸ்கேஏவின் 19 வயது ஹிரிஸ்தோ ஸ்தொய்ச்கோவும் ஒருவர். தடை ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து 1994 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி பல்கேரியா அரையிறுதிக்குப் போனபோது கேப்டன் மிஹாய்லோவ், முதல் கோல் ஸ்தொய்ச்கோவ். தாத்தா எதிரிக் கிளப்காரர்களை எப்போதும் ஒரு முறைப்போடுதான் சொல்வார். ஸ்தொய்ச்கோவின் பெயரை மட்டும் முறைக்காமல் சொல்வார்.

“வித்தோஷா என்று நீங்கள் கத்தினீர்களா?” என்று ஒருமுறை கேட்டேன். தலையை மேலே சடக்கென்று தூக்கி நாக்கால் ‘ச்ச்’ கொட்டினார். இல்லை என்று அர்த்தம். சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் வாயில் லெவ்ஸ்கிதான் வந்தது என்றார். அப்புறம் சற்றுநேரம் யோசித்துவிட்டு, என் பெயரை நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டார். சொன்னேன். ‘ழி’க்கு நாக்கை எங்கே வைக்கிறாய், வாயைத் திறந்து காட்டு என்றார். 80 வயதுக்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்து நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தார். முழுசாக வரவில்லை. ‘எழில்’ என்பதற்குப் பக்கத்தில் எங்கேயோ வந்து நின்றது. இந்த நாட்டில் அதுவரை யாரும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

குந்தி பற்றிச் சொல்லாமல் லெவ்ஸ்கியைப் பற்றிப் பேச முடியாது. முதன்முறை கேட்டபோது எனக்குப் பாண்டவர்களின் அம்மாதான் மனசில் வந்தார். கியோர்கி அஸ்பாரூஹோவின் செல்லப்பெயர் அது. 1943 மே 4-இல் பிறந்தவர், சட்டை எண் 9. 1965-இல் ஐரோப்பியக் கோப்பையில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவோடு இரண்டு ஆட்டம். சோஃபியாவில் 2-2, லிஸ்பனில் 2-3. லெவ்ஸ்கியின் நான்கு கோலும் இவருடையது. வெளிநாட்டுக் கிளப்கள் கேட்டபோது, பல்கேரியா என்று ஒரு நாடு உண்டு, அதில் லெவ்ஸ்கி என்று ஒரு கிளப் உண்டு, நான் அதில் பிறந்தேன், அதிலேயே சாவேன் என்று அவர் சொன்னதாக இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

1971 ஜூன் 30. வித்தின்யா மலைப்பாதையில் அவர் ஓட்டிப்போன காரும் ஒரு லாரியும் மோதின. கூட இருந்த சக ஆட்டக்காரர் நிக்கோலா கொத்கோவும் அதே இடத்தில் போய்விட்டார். குந்திக்கு வயது 28. இறுதி ஊர்வலத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்ததாகச் சொல்கிறார்கள். தாத்தாவுக்கும் குந்தியின் வயதுதான். அன்றைக்குத் தெருவில் நின்ற கதையை ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. 1999-இல் பல்கேரியாவின் நூற்றாண்டு ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது ஸ்தொய்ச்கோவை அல்ல, குந்தியை.

லெவ்ஸ்கியின் கெரெனா மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். முதலில் கணவர் தயங்கினார். ரசிகர் கூட்டத்தின் ஒரு பகுதிக்கு நல்ல பெயர் இல்லை. நீல எழுத்துக்குப் பக்கத்தில் சில சுவர்களில் பார்க்கக் கூடாத குறிகளும் இருக்கும், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். தாத்தா ஆர்ப்பாட்டக்காரர்கள் நிற்கும் ‘பே’ பகுதியிலிருந்து தூரமாக, குடும்பங்கள் உட்காரும் பக்கம் கூட்டிப்போனார். வழியில் மூன்று பொட்டலம் சூரியகாந்தி விதை வாங்கினார். விதையை நிமிர்த்தி முன்பல்லில் வைத்து, ஒரு ‘டக்’, பருப்பு உள்ளே, தோல் வெளியே. கை அடுத்ததை எடுத்துக்கொண்டே இருக்கும், கண் மைதானத்தை விட்டு அசையாது. என் மகன் இடைவேளைக்குள் கற்றுக்கொண்டான். நான் தோலோடு மென்று விழுங்கினேன். ஆட்டம் ஒரு கோலும் இல்லாமல் முடிந்தது. ‘சாமோ லெவ்ஸ்கி’, லெவ்ஸ்கி மட்டுமே என்று பக்கத்திலிருந்தவர்கள் கத்தியபோது நான் முணுமுணுத்தேன், மகன் தொண்டை கிழியக் கத்தினான்.

2006-இல் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குப் போன முதல் பல்கேரியக் கிளப் இதுதான். பார்சிலோனா, செல்சி, வெர்டர் பிரேமன் மூன்றோடும் மோதி ஆறு ஆட்டத்திலும் தோல்வி. வாங்கியது 17 கோல், போட்டது ஒன்று. மரியான் ஒக்ன்யானோவ் செல்சிக்கு எதிராகப் போட்ட அந்த ஒன்றைத் தாத்தா மேசையில் தீப்பெட்டியும் உப்புக் குப்பியும் வைத்து எனக்கு விளக்கியிருக்கிறார். 2009-இல் 26-வது லீக் பட்டம். பிறகு ரஸ்கிராத் ஊரின் லுதோகோரெத்ஸ் கிளப் ஆண்டுதோறும் பட்டத்தைக் கொண்டுபோக, லெவ்ஸ்கி கடனில் மூழ்கியது. 2020-இல் ரசிகர்கள் காசு போட்டுத்தான் மூச்சு விட்டது.

2022 மே 15-ஆம் தேதி கோப்பை இறுதியாட்டம். மறுபடி சிஎஸ்கேஏ. லெவ்ஸ்கி 1-0. பதின்மூன்று ஆண்டில் முதல் கோப்பை. எங்கள் தெருவில் விடியும்வரை கார் ஹார்ன். தாத்தா மேலே ஏறி வந்து, திறந்த கதவில் நின்றபடி ஒன்றும் பேசாமல் மகனைத் தூக்கினார். ஏழு மாதத்துக்கு முன் இந்தக் கட்டடத்தில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. அன்றிரவு மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் ரக்கியா என்ற பழச்சாராயம் கொண்டுவந்தார், நான் இருந்த ரவையைக் கிளறிக் கேசரி கொடுத்தேன்.

பூ விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆண்டு மார்ச் 8 மகளிர் தினத்துக்கு மகனின் ஆசிரியைக்காக ஆறு ரோஜா கேட்டேன். கடைக்கார அம்மா ஒன்றை உருவி வைத்துக்கொண்டு ஐந்தைக் கட்டிக் கொடுத்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. நம் மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் கூட வைப்பது போல, இதில் யாரும் தவறுவதில்லை.

அடுத்த ஆண்டு மே 4, குந்தியின் பிறந்தநாள். மைதானத்தின் முன்னால் அவர் சிலை இருக்கிறது. தாத்தாவுக்கு முட்டிவலி என்பதால் நானும் மகனும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். அதே கடை. நான் முந்திக்கொண்டு, சிலைக்குத்தானே என்று, பத்து வெள்ளைப் பூ எடுத்தேன். தாத்தா என் கையிலிருந்து ஒன்றை உருவி வாளியில் திரும்பப் போட்டார். கடைக்கார அம்மா எண்ணிப் பார்த்தார், ஒன்பது. “யாருக்கு?” என்று கேட்டார்.

“குந்திக்கு” என்றார் தாத்தா.

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒன்பதையும் நீல நாடாவில் கட்டிக் கொடுத்தார்.