குழாய் எங்கே போய் முடிகிறது?

காரைக்குடியில் எங்கள் வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவு உண்டு. ஓட்டின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைப் போகவிட்டு, அடுத்து விழும் நீரை அப்பத்தா அண்டாக்களில் பிடித்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பார். மிஞ்சிய நீர் மூலையிலுள்ள சலதாரை வழியே தெரு வாய்க்காலில் இறங்கி ஊருணிக்குப் போகும். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பொது நிர்வாகம் நடத்துகிறேன். பொதுக்கொள்கைப் பாடத்தை இந்த வளவிலிருந்துதான் தொடங்குவேன்.

கொள்கை உருவாகும் முறையைப் படிகளாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1956-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்வெல் ஏழு படிகளுடன் தொடங்கி வைத்தார். இன்றைய பாடநூல்கள் அதைச் சுருக்கி, பிரச்சினையை இனங்காணல், அரசின் கவனத்துக்குக் கொண்டுவரல், திட்டம் வகுத்தல், அதை ஏற்றுக்கொள்ளல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடல் என்று சொல்கின்றன. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு படி முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்று அவர்கள் நம்பிவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட 2003-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த யோசனை புதிதல்ல. ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து மழை பொய்த்து, நகரங்கள் தண்ணீருக்குத் தவித்து, அரசும் துணிந்த நேரத்தில், பழைய கட்டடங்களையும் சேர்த்து அவசரச் சட்டம் பிறந்தது. பிரச்சினை, தீர்வு, அரசியல் ஆகிய மூன்று ஓட்டங்களும் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும், அவை கூடும் வேளையில்தான் வழி திறக்கும் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் 1984-இல் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. எல்லா மாற்றுவழிகளையும் அலசிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க மனிதரின் அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு என்று, மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமனும், அரசுகள் பெரும்பாலும் பழையதில் சிறுசிறு திருத்தம் செய்தே நகர்கின்றன என்று 1959-இல் அரசியல் அறிஞர் சார்ல்ஸ் லிண்ட்புளோமும் சொன்னவற்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனாலும் நான் அதிக நேரம் செலவிடுவது நடைமுறைப்படுத்தலில்தான். அந்த ஆண்டு எங்கள் வீட்டுப் பின்கட்டில் அவசர அவசரமாகக் குழி தோண்டி, சல்லியும் மணலும் நிரப்பி, மாடியிலிருந்து பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். குழாய் குழிக்கு ஓர் அடி முன்பாகவே நின்றுவிட்டது. பார்வையிட வந்தவர் சுவரில் குழாய் இருப்பதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அது எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு அவர் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் எத்தனையோ. பிறகு அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாயை நீட்டினார். பொதுமக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர் எடுக்கும் முடிவுகளே மக்கள் காணும் கொள்கை என்று 1980-இல் அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி சொன்னதை நான் அந்தப் பின்கட்டில் நின்றுதான் முழுதாக உணர்ந்தேன். அப்படியானால் அந்த ஓர் அடி இடைவெளியும் கொள்கையின் ஒரு பகுதிதான். வெறும் அமலாக்கக் குறை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

மதிப்பிடல் இன்னும் பரிதாபமான நிலையில் இருக்கிறது. அமைப்பு உள்ள கட்டடங்களை எண்ணுவது எளிது. கிணற்றில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று ஆண்டுதோறும் அளப்பதற்குப் பொறுமை வேண்டும். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அதே விதி மறுபடியும் பேச்சுக்கு வந்தது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் தெருத்தெருவாக ஒழுங்காக அளந்து வைத்திருந்தால், எந்த மண்ணில் எந்த வகைக் குழி பயன்படுகிறது என்று அன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்கும்.

கடந்த ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப்போய் எங்கள் தெருவில் நான்கு வீடுகளின் குழிமூடியைத் திறந்து பார்த்தோம். இரண்டில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் சல்லிமேல் சேறு படிந்து நீர் தேங்கி நின்றது. நான்காவது வீட்டில் குழாய் குழியைத் தொடவே இல்லை. பார்த்ததைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி வார்டு உறுப்பினரிடம் கொடுத்திருக்கிறோம். கார்த்திகையில் அடுத்த தெருவுக்குப் போகிறோம்.