வேஷக் கொட்டகைக்குள் பிள்ளைகளை விட்டோம்

ஊர்த் திருவிழா முடிந்து பத்து நாளாகிறது. என் மகனின் காதுக்குப் பின்னால் இன்னும் ஒரு கோடு சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போய்விடும். அவன் விட மாட்டேன் என்கிறான். "துச்சாதனன் வேஷம்மா, இருக்கட்டும்" என்கிறான். எட்டு வயது.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. மாந்தோப்பு, தென்னை, மிச்ச நிலமெல்லாம் கேழ்வரகு. திரௌபதி அம்மன் கோயில் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அந்தக் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதம் வைப்பது வழக்கம். பதினெட்டு நாள் திருவிழா. மதியம் பிரசங்கியார் பந்தலில் உட்கார்ந்து வில்லிபாரதத்தைப் பாட்டும் உரையுமாகச் சொல்வார். ராத்திரி அதே கதை கூத்தாக வந்து விடியும்வரை நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு ஏரிக்கரையில் பனைமரத்தை நட்டுவிடுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே அதில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். பிள்ளைவரம் வேண்டுகிற பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்துப் படுகளம். ஊர் முழுக்க மேடைதான், ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில்.

ஆறு வருஷம் கழித்து இந்தச் சித்திரையில் வைத்தார்கள். அந்தப் பதினெட்டு நாளில் மூன்று சாயங்காலங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் அப்பா கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். களரிக்கு, அதாவது கூத்து ஆடுகிற இடத்துக்கு, பின்னால் போட்ட பெஞ்சில் வலது ஓரம் அவர் இடம். பக்கத்தில் ஆர்மோனியம், சின்ன நாயனம் மாதிரியான முகவீணை, தாளம். ராத்திரி இடம் பிடிக்க மதியமே கோணிப்பையை விரித்துக் கல் வைத்துவிட்டு வருவோம். ஆனால் எனக்குக் களரியைவிட வேஷம் கட்டுகிற கொட்டகைமேல்தான் ஆசை. தென்னங்கீற்றுத் தடுக்கில் ஓர் ஓட்டை இருக்கும். அதில் கண்ணை வைத்தால், காலையில் டீக்கடையில் பார்த்த மனிதர் அரிதாரம் பூசிப் பாதி முகம் மஞ்சளாக உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து மீசை எழுதுவார். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாராவது கவனித்துவிட்டால் "போ போ, பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று விரட்டிவிடுவார்கள். அப்பாவே விரட்டியிருக்கிறார். வேஷம் கட்டும் நேரம் அவர்களுக்கு விரதம் மாதிரி, அது எனக்கு இப்போது புரிகிறது. ஆனாலும் பத்து வயதில் அந்தத் தடுக்குக்கு வெளியே நின்றது மனசில் அப்படியே இருக்கிறது. அப்பா எனக்கு ஒரு சொல்கட்டுகூடச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு அப்புறம் நாலு வருஷம் அமெரிக்காவில், வட கரோலினாவில் ராலே ஊரில் இருந்தோம். அங்கே ஒரு சித்திரை மாதம், அதாவது ஏப்ரல் கடைசியில், பக்கத்து வீட்டம்மா எங்களை வில்க்ஸ்பரோ என்கிற சின்ன ஊருக்குக் கூட்டிப் போனார். மலையடிவாரம். தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்னால் ஒரு காற்று வருமே, அது மாதிரி காற்று. ஒரு கல்லூரி வளாகத்தில் நாலு நாள் நடக்கிற மெர்ல்ஃபெஸ்ட் என்ற இசை விழா. டாக் வாட்சன் என்ற கிதார்க்காரர், குழந்தையிலேயே கண் பார்வையை இழந்தவர், அந்த மலைநாட்டுக்காரர். அவரோடு கூட வாசித்துக்கொண்டிருந்த மகன் மெர்ல் 1985 இல் டிராக்டர் விபத்தில் போய்விட்டார். மகன் பேரில் 1988 இல் தொடங்கிய விழா அது. அந்தக் கல்லூரியிலேயே மகன் நினைவாக ஒரு தோட்டமும் உண்டு. பார்வை இல்லாதவர்களும் தொட்டும் முகர்ந்தும் அறிகிற மாதிரி செடிகள் வைத்த தோட்டம். விழா பிறந்த கதையைக் கேட்டதுமே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

அங்கே வாசிக்கிற இசைகளில் முக்கியமானது புளூகிராஸ். கென்டக்கிக்காரரான பில் மன்றோ தன் குழுவுக்கு வைத்த பெயரிலிருந்து வந்த பெயர். பிடில், மாண்டலின், கிதார், வட்ட முகம் வைத்த தந்தி வாத்தியமான பான்ஜோ, நிற்க வைத்து வாசிக்கிற பெரிய பேஸ். பழைய முறையில் எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறையோ அவர் மைக்குக்கு நெருங்கி வருவார், முடிந்ததும் பின்வாங்கி அடுத்தவருக்கு வழிவிடுவார். நம் களரியில் பந்தலிலிருந்து கம்பியில் தொங்குகிற ஒற்றை மைக்குக்கு வேஷக்காரர்கள் வந்து வந்து பாடுவார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இந்த இசைக்கென்று பல நாள் விழா முதன்முதலில் நடந்தது வர்ஜீனியாவில் ஒரு குதிரைப் பண்ணையில், 1965 செப்டம்பர் முதல் வாரம். நம் தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது அதே 1965 இல் அக்டோபர் 2. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் என் ஊருக்கும் அந்த விழாக்களுக்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

மெர்ல்ஃபெஸ்ட்டில் பத்துக்கும் மேற்பட்ட மேடைகள். பெரிய மேடையில் பேர்போனவர்கள் வாசித்தார்கள், கேட்டேன், நன்றாக இருந்தது. ஆனால் நான் நின்றது வேறு இடங்களில். ஒரு கூடாரத்தில் பான்ஜோ பட்டறை. காலையில் மேடையில் வாசித்த பெண்மணி முப்பது பேர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூன்றிலும் நகம் மாட்டி உருட்டுகிற முறை. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 இல் பில் மன்றோ குழுவில் சேர்ந்ததும் ஊரெங்கும் பரவியது இந்த முறை. அவரும் வட கரோலினாக்காரர்தான். பான்ஜோவில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக இருக்கும். மற்றவை எங்கே போனாலும் அது ஒரே சுரத்தில் நிற்கும், நம் நாதஸ்வரத்தோடு ஊதுகிற ஒத்து மாதிரி. அதன் முகத்தில் முன்பு கன்றுத் தோல் கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் என்று சொல்லித் தட்டிக் காட்டினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம் இது, அதை மறக்கக் கூடாது என்றும் சொன்னார். தோலைத் தட்டியதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. அங்கே மேசை நிறைய சின்ன பிடில்களும் மாண்டலின்களும். யாரும் "தொடாதே" என்று சொல்லவில்லை. அப்போது நாலு வயதான என் மகன் ஒரு பிடிலைத் தலைகீழாகப் பிடித்து இழுத்தான். அங்கிருந்த பெரியவர் சிரிக்காமல் அதைத் திருப்பி அவன் தாடைக்குக் கீழே வைத்து, வில்லைப் பிடித்த அவன் கைமேல் தன் கையை வைத்து இழுத்தார்.

சாயங்காலம் மரத்தடிகளில் வட்டம் வட்டமாகச் சேர்ந்து வாசித்தார்கள். அறிமுகமே இல்லாதவர்கள். பாட்டை எடுக்கிறவர் சுருதி சொல்வார். முறை வைத்து ஒவ்வொருவரும் ஒரு சுற்று வாசிப்பார்கள். முடிக்கப் போகிறோம் என்பதற்கு அடையாளம், பாட்டை எடுத்தவர் ஒரு காலை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான், எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். புதிதாகக் கற்கிறவர்களுக்கென்று மெதுவாக வாசிக்கிற வட்டமும் இந்த விழாக்களில் உண்டு. அங்கே யாரும் வேகம் கூட்டுவதில்லை. தப்பு வந்தால் வட்டம் நிற்பதும் இல்லை. விழாவுக்குள் மது கிடையாது என்பதால் பாட்டிகளும் பிள்ளைகளும் இருட்டிய பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது என் கணவரிடம் சொன்னேன்: நம்ம பாரதத்தில் இதைவிட அதிகம் இருக்கிறது. கதை இருக்கிறது, சாமி இருக்கிறது, பதினெட்டு நாள் இருக்கிறது. ஆனால் பார்க்கிற பிள்ளை வாசிக்கிற பிள்ளையாக மாறுவதற்கு ஒரு வாசல் இல்லை. கூத்துக்காரர் வீட்டு மகனாகப் பிறக்க வேண்டும். இப்போது அந்த மகன்களும் ஓசூர் பக்கம் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் இந்த வருஷம் பாரதம் என்று முடிவானதும் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தேன். அப்புறம் கூத்து ஆடுகிற நாடக செட்டின் வாத்தியாரைப் பார்த்தேன். மூன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாத்தியமும் அடவும் காட்டி, வேஷக் கொட்டகைக்குள்ளும் விட வேண்டும் என்று கேட்டேன். அப்பாவோடு முப்பது வருஷம் களரி கண்டவர், நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "செருப்பு வெளிய. கிரீடத்த யாரும் தலையில வெச்சிப் பாக்கக் கூடாது. வெளக்கு ஏத்தினதுக்கு அப்புறம் போன் எடுக்கக் கூடாது. சரியா பாப்பா?" என்றார். சரி என்றேன்.

நேரம் குறிப்பதுதான் கஷ்டம். கூத்து ஆடுகிறவர்கள் காலை ஆறு மணிக்குத்தான் படுப்பார்கள். மதியம் சொற்பொழிவு. அது முடிந்து, வேஷம் கட்ட உட்காருவதற்கு முன்னால், 5 மணியிலிருந்து 6.30 வரை கிடைத்தது.

முதல் நாள் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தேன். லீவு நாள் என்பதால் அறுபதுக்கு மேல் வந்தார்கள். நிப்பட்டு வாங்கி வைத்தது போதாமல் உடைத்து உடைத்துக் கொடுத்தோம். பெரியப்பா மிருதங்கத்தை மடியில் வைத்து, ரவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், அப்பினார். "உப்புமா!" என்று ஒரு பையன் கத்தினான். இது இல்லாமல் தட்டினால் என்ன சத்தம், அப்பினால் என்ன சத்தம் என்று இரண்டையும் வாசித்துக் காட்டினார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாக வந்து ரவையைத் தொட்டுப் பார்த்தது. முகவீணைக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி அதை மட்டும் ஊதிக் காட்டினார், வாத்து மாதிரி கத்தியது. எங்கள் செட்டில் முகவீணை ஊத இனி அவர் ஒருவர்தான்.

இரண்டாம் நாள் அடவும் திரையும். கூத்தில் பெரிய வேஷங்கள் எல்லாம் திரைக்குப் பின்னால்தான் வரும். இரண்டு பேர் வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள், பின்னாலிருந்து வேஷம் தன் பேரும் பெருமையும் பாடும், பிறகுதான் முகம் காட்டும். திரை பிடிக்கப் பிள்ளைகளுக்குள் அடிதடியே வந்துவிட்டது. முறை வைத்தோம். மரத்தடி வட்டத்தில் பார்த்த அதே முறை, ஆளுக்கு ஒரு சுற்று.

அன்றைக்கு நடந்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. தாய்மார்கள், பாட்டிகள் எல்லாம் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். வாத்தியார் திரௌபதி சபைக்கு வருகிற விருத்தத்தைப் பிள்ளைகளுக்காக மெதுவாக எடுத்தார். இரண்டாவது அடியில் இருமல் வந்து நிறுத்தினார். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அந்த அடியை எடுத்து முடித்தது. எழுபது வயதுக்கு மேலான எங்கள் தெருப் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அறுபது வருஷம் கோணிப்பையில் உட்கார்ந்து கேட்டே முழுசும் மனசில் ஏறியிருக்கிறது. வாத்தியார் எழுந்து நின்று, "பாடு தாயே" என்றார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பாடினார். பாட்டு முடிவதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் கொட்டகை திறந்தது. ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டோம், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. கையில் வாங்கிப் பார்த்தவர்களெல்லாம் இவ்வளவு லேசா என்று ஆச்சரியப்பட்டார்கள். சலங்கை மட்டும் கனம். வாத்தியார் என் மகன் கன்னத்தில் சிவப்பு வைத்தார். நான் வாசலில் நின்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ ஏன் வெளிய நிக்கற, வா" என்றார். உள்ளே போய் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அப்பாவுடையது. அவர் போன பிறகு செட்டுக்கே கொடுத்துவிட்டோம். வாரில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி துகிலுரிதல் கூத்து. தாளம் போடுகிறவருக்குக் கை வலி என்று, முதல் ஒரு மணி நேரம் பின்பாட்டுப் பெஞ்சின் ஓரத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். மூன்று சாயங்காலமும் தாளத்தைக் கையிலிருந்து இறக்காதவள். ஊரில் சிலருக்கு முகம் சுருங்கியது, தெரிந்தது. ஒருவர் வந்து என்னிடமே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் களரிக்குள் குதித்துவிட்டான். அவர் திரும்பிக் கூத்தைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெண் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை, இழுக்கவும் இல்லை.

நேற்று பெரியப்பா போன் செய்தார். ஆடியில் பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் பாரதம் வைக்கிறார்களாம், எங்கள் செட்டுக்குத்தான் பாக்கு வைத்திருக்கிறார்களாம். "அந்தத் தாளக்காரப் பொண்ண அனுப்புவாங்களான்னு அவங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு பாப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முழிக்க வைக்க மாட்டேன்" என்றார்.

போய்க் கேட்டேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அனுப்புகிறேன், ஆனால் நானும் கூட வருவேன் என்றாள்.