விழித்திரைப் பரிசோதனைக்குப் போய் வந்த அனுபவம்

எனக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, கண்டு பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பினாங்கில் நான் வழக்கமாக மருந்து எடுக்கும் அரசாங்க கிளினிக்கில் ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். இந்த ஆண்டு படத்தைப் பார்த்த டாக்டர், பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார். எனக்கோ செய்தித்தாளின் சிறிய எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு தொடக்கத்தில் வலியோ மங்கலோ இல்லாமலே வளரும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அதிகம்.

மருத்துவமனையில் முதலில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு தாதி கண்ணில் சொட்டு மருந்து விட்டார். சற்று எரியும், அவ்வளவுதான். கண்மணி விரிய அரை மணி நேரம்போல் ஆகும். அதன் பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெயில் கண்ணைக் கூசும். அதனால் வாகனம் ஓட்டக்கூடாது. என் கணவர் கூட வந்தார். கறுப்புக் கண்ணாடியும் கைவசம் இருந்தது.

விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேனும் எடுத்த பின் டாக்டர் அழைத்தார். அவர் கண்ணைப் பற்றிக் கேட்டதைவிட உடம்பின் மற்ற பாகங்களைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். எத்தனை ஆண்டுகளாக நோய், மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, கொழுப்பு எப்படி, வீட்டில் யாரும் புகைக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். "சிறுநீருக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு, டாக்டர்?" என்றேன். சர்க்கரை மிகுந்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் எங்கிருந்தாலும் பழுதடையும் என்றும், சிறுநீரகத்தில் அது தெரிந்தால் விழித்திரையிலும் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். நாம் சர்க்கரை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கவலைப்படுகிறோம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு வளர்வது குறைந்தது என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 1998இலேயே காட்டிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார், இதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை இன்சுலினால் வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரை பழுதானவர்களில் சிலருக்கு அது முதலில் கொஞ்சம் மோசமாகலாம். அதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. காலப்போக்கில் கண்ணைக் காப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். அந்த மாதங்களில் கண்ணை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. அண்மையில்தான் எனக்கு இன்சுலின் தொடங்கியிருந்தார்கள் என்பதால் அடுத்த பரிசோதனையை ஓர் ஆண்டுக்குத் தள்ளாமல் முன்கூட்டியே வைத்தார்.

என் விழித்திரையில் இருப்பவை சிறு ரத்தப் புள்ளிகள். பார்வையின் மையப் பகுதியில் நீர் கோக்கவில்லை. லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ இப்போது தேவையில்லை. திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, தேதி வரும் வரை காத்திராமல் உடனே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் அண்ணன் மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இனிப்பு நீர் உண்டு, இப்போது மூன்றாம் மாதம். கர்ப்ப காலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகம் பிடிக்கலாம் என்பதால் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கண்ணைப் பார்த்துவிட வேண்டும். "கண் நல்லாத்தானே தெரிகிறது, அத்தை" என்றாள். நான் விடவில்லை. தாய்சேய் நலப் பிரிவுக்கு அடுத்த முறை போகும்போதே கண் பரிசோதனைக்கும் கடிதம் கேட்டு வாங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அன்று நானும் கூடப் போகிறேன்.