கையெழுத்து போட்டவள் எடுக்கும் வகுப்பு

பெண்களுக்கு நாங்கள் நடத்தும் சட்டப் பயிற்சியில் பாடம் எடுக்கும் ஒருத்தியைச் சொத்துரிமை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, குடும்ப வன்முறைச் சட்ட வகுப்பைக் கொடுத்தது சரி என்றுதான் கூட்டத்தில் பேசினேன். இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்து அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் மனதுக்குள் பதில் தயார் செய்துகொண்டே இருக்கிறேன்.

சொத்துரிமை வகுப்பை அவளைப் போல் யாரும் எடுத்ததில்லை. சட்டப் பிரிவு எண்ணெல்லாம் பிறகுதான். முதலில், "உங்க கல்யாணம் 89 மார்ச் 25க்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். மகளுக்கும் பங்கு தரும் மாநிலச் சட்டம் வந்தபோது அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் வேறு கதை. வக்கீல் சொன்னால் தலை சுற்றுகிற இந்த விஷயத்தை, தன் அப்பாவின் வயலையே உதாரணமாக வைத்து வரைந்து காட்டுவாள்.

அந்த அப்பா இறந்தார். வாரிசுச் சான்றிதழ் வந்தது: அம்மா, அண்ணன், இவள். பிறகு ஒரு ராத்திரி போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூப்பிடுறாங்க. விடுதலைப் பத்திரம்." தன் சொத்துப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம் அது.

"சட்டம் உனக்குத் தெரியும். முடிவு உன்னுதும்மா" என்றேன்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பிழை இல்லை. நம்மிடம் வரும் பெண்ணுக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது என்பதைத்தான் பயிற்சியில் முதலில் சொல்லித் தருகிறோம். வேண்டாம் என்று நான் சொல்லி, அவள் போடாமல் இருந்து, அந்த வீட்டின் கதவு அடைத்திருந்தால் நானா போய் நின்றிருப்பேன்? அதே சமயம், வேறொரு ஊர்ப் பெண் அப்படிக் கேட்டிருந்தால், "ரெண்டு நாள் தள்ளிப் போடு, வக்கீலைப் பார்த்துட்டுப் போகலாம்" என்றிருப்பேன். இவள் விவரமானவள் என்பதால் விவரமில்லாதவர்களுக்குச் செய்வதைக்கூட இவளுக்குச் செய்யவில்லையோ என்று சில நாள் தோன்றுகிறது. அந்த "சரிக்கா" வேறு. அது சம்மதமா, ஏமாற்றமா என்று இதுவரை பிரிக்க முடியவில்லை.

கையெழுத்து போட்ட செய்தி பயிற்சியில் பரவியதும் எதிர்ப்பு கிளம்பியது, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. பேசியவள் இன்னொரு பயிற்சிப் பெண். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர். நிலம் கிடையாது, வீடு இருப்பதும் கோயில் மனை. "நாங்க பங்கு கேக்க என்னக்கா இருக்கு? இருக்கிறவங்க சும்மா எழுதிக் கொடுத்துட்டு வந்து எங்களுக்கு உரிமை சொல்லித் தர்றாங்களா?" என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது. வெண்மணியில் 1968இல் கூலி கேட்டதற்காக 44 பேரை எரித்த பூமி இது. நிலம் என்றால் என்னவென்று நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நான் விளக்க முடியாது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலங்களை வாங்கிக் கூலிப் பெண்களின் பேரில் பதிய வைத்ததை இதே வகுப்பில்தான் பெருமையாகச் சொல்லியிருந்தோம். அதைக் கேட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு கையெழுத்தில் வயல் கைமாறுவது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபம் நியாயம். அதற்காகத்தான் வகுப்பை மாற்றினேன். அதற்காக மட்டும்தானா என்றால், பயிற்சியின் பெயர் கெடக்கூடாது என்ற எண்ணமும் கொஞ்சம் இருந்தது.

மாற்றியதைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. கேட்டது இவ்வளவுதான்: "அக்கா, போடாதவங்க சட்டத்தைச் சொல்வாங்க. எப்படிப் போட வைக்கிறாங்கன்னு யாரு சொல்றது?"

அப்புறம் அவளே சொன்னாள். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் அண்ணி காபி போட்டுக் கொடுத்தார். கூட்டுப் பட்டாவாக இருந்தால் சொசைட்டியில் பயிர்க் கடனுக்கு ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் கூப்பிட வேண்டியிருக்கும், உனக்குத்தான் அலைச்சல் என்றார் அண்ணன். அவள் கல்யாணத்துக்கு நகை போடுவது தன் பொறுப்பு என்றும் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இனி இருக்கப்போவது அண்ணனோடு. "அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்திருந்தா போட்டிருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டது 1929இல். அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருடம் பிடித்தது. இதை எத்தனையோ தடவை மேடையில் சொல்லியிருக்கிறேன். சட்டம் வந்த பிறகு அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. அதை அவளால் எழுத முடியும். ஆனால் அவள் எழுதினால், 'எல்லாரும் போடத்தான் செய்கிறார்கள், நாமும் போடுவோம்' என்ற சமாதானமாகவும் அது போய்விடக்கூடும். இந்த இரண்டில் எது நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வழக்குப் போடலாமா என்று நானே கேட்டேன். பதிவான பத்திரத்தை ஒருவராக நினைத்து ரத்து செய்துவிட முடியாது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதற்கும் மூன்று வருடக் கெடு. அவளுக்கா தெரியாது? சிரித்துவிட்டு, "காபி கொடுத்தாங்கன்னு மனுவுல எழுதவாக்கா?" என்றாள்.

போன தடவை சொத்துரிமை வகுப்பை வேறொருவர் எடுத்தார். தேதிகள், தீர்ப்பு எல்லாம் சரியாகச் சொன்னார். கேள்வி இருக்கிறதா என்றபோது ஒருவரும் கை தூக்கவில்லை. அவள் இல்லாததால்தான் என்று உடனே மனம் முடிவு கட்டியது. ஆனால் அது நடவு சமயம். விடியற்காலையில் வயலில் இறங்கிவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர், தூக்கக் கலக்கமாகக்கூட இருந்திருக்கலாம்.