கண்டியில ஒரு பியானோ கச்சேரி, அந்த காசு எங்க போகுதுன்னா

வாய்ப் புற்றுநோய் வந்தவங்களுக்கு காசு சேக்க பியானோ கச்சேரி வைக்கப் போறோம்னு சொன்னப்ப எங்க தேயிலத் தோட்டத்துல நெறைய பேர் கேட்டது, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வைத்தியம் சும்மாதானே, பெறகு எதுக்கு காசுன்னு. நியாயமான கேள்வி. வைத்தியம் சும்மாதான், ஆனா ரேடியேஷன் ஒரு நாளோட முடியாதுல்ல, கெழமைக்கு அஞ்சு நாள்னு ஆறு ஏழு கெழம இழுக்கும், தலவாக்கலையில இருந்து கண்டிக்கு தெனமும் பஸ்ல போய் வர ஏலுமா, அதுவும் வாயெல்லாம் வெந்து கஞ்சி கூட முழுங்க முடியாத ஆளு. அப்ப பக்கத்துல எங்கயாவது ரூம் எடுத்து தங்கணும், கூட ஒரு ஆள் நிக்கணும், அந்த ஆளுக்கு தோட்டத்துல பேர் விழாது, அதாவது அன்னைக்கு வேல செஞ்ச கணக்குல வராது, பேர் இல்லன்னா சம்பளம் இல்ல. இதனாலயே பாதியில விட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்தவங்கள எனக்கு தெரியும். அந்த ரூம் வாடகைக்கும் பஸ் காசுக்கும்தான் இந்த கச்சேரி.

பியானோ வச்சு இப்படி காசு சேக்குறது புதுசு இல்ல. 1838ல பெஸ்ட் நகரத்துல டான்யூப் ஆறு பெருகி ஊரே அழிஞ்சப்ப, ஹங்கேரியில பொறந்த பியானோ கலைஞர் லிஸ்ட் வியன்னாவுக்கு போய் கச்சேரி மேல கச்சேரி வச்சு அந்த சனத்துக்கு காசு அனுப்பினாரு.

கச்சேரி அன்னைக்கு காலையிலயே பியானோவுக்கு சுருதி சேக்குற டியூனர் அண்ணே வந்துட்டாரு, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். வெளிய தெரியிறது 88 கட்டைதான், மூடிய தொறந்தா உள்ள 200க்கு மேல கம்பி, மேல் சுரத்துக்கெல்லாம் ஒரு கட்டைக்கு மூணு கம்பி. அதுல ரெண்டு கம்பிக்கு நடுவுல சின்ன ரப்பர் ஆப்ப சொருகி சத்தத்த அமத்திட்டு, ஒத்த கம்பிய மட்டும் கேட்டு கேட்டு சாவிய முறுக்குறாரு, முறுக்குறதுன்னு கூட சொல்ல முடியாது, கை அசையிறதே தெரியல. கண்டி ஈரத்துக்கு உள்ள இருக்குற பலகை ஊதிக்கிட்டு சுருதி ஏறிடும், வெயில் காஞ்சா இறங்கிடும் தம்பின்னாரு.

அத்தையையும் கூட்டிட்டு போயிருந்தேன். மலையில கொழுந்து எடுத்த காலம் பூரா வெத்தல போட்டவங்க, குளிருக்கும் பசிக்கும் அதுதான், அட்ட கடிச்சா வைக்கவும் அந்த சுண்ணாம்புதான். கன்னத்து உள்பக்கம் வெள்ளையா படர்ந்தப்ப வெத்தல சூடுன்னு விட்டுட்டாங்க. இப்ப ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு நல்லா இருக்காங்க, வாய் மட்டும் ரெண்டு விரல் அளவுதான் தொறக்கும்.

வாசிச்சது கொழும்புல இருந்து வந்த ஒரு பொண்ணு. ஷோப்பான்னு பழைய காலத்து பியானோ இசையமைப்பாளர், அவர்ட மழைத்துளின்னு சொல்ற பிரிலூடுக்கு, அதாவது ஒரு சின்ன பியானோ பாட்டுக்கு முன்னாடி எழும்பி நின்னு கொஞ்சம் பேசினாங்க, அந்த பேரு கூட அவர் வச்சது இல்லையாம். 1838 கடைசியில அவர் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவுக்கு போனாரு, அங்க மழையும் இருமலும், காசநோய்னு ஊருக்குள்ள கத பரவினதும் வீட்டுக்காரர் வெளிய போக சொல்லிட்டாரு, அவர் படுத்த படுக்கைய எரிக்கணும் அதுக்கும் காசு குடுன்னு வேற கேட்டிருக்காங்க, பெறகு மலைமேல ஒரு பழைய மடத்துல போய் தங்கித்தான் அந்த பிரிலூடுகள முடிச்சிருக்காரு.

அத்தை என் கைய புடிச்சுக்கிட்டாங்க. ஏன்னு எனக்கு தெரியும். அவங்களுக்கு புற்றுநோய்னு தெரிஞ்ச பெறகு ஒரு வீட்டுல தேத்தண்ணி கோப்பைய தனியா வச்சாங்க, கேன்சர் ஒட்டுற வருத்தமே இல்ல, சொன்னாலும் யார் கேட்டா.

அந்த பாட்டுல ஒரே ஒரு சுரம் ஆரம்பத்துல இருந்து விடாம விழுந்துக்கிட்டே இருக்கும், நடுவுல பாட்டே இருண்டு போயிடும், அப்பவும் அதே கட்டைதான், சத்தம் மட்டும் கனத்துக்கிட்டே போகும். கேக்குறப்ப எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு. முடிஞ்சதும் அத்தை மெதுவா, "கால்ல என்னத்த தம்பி மிதிக்கிறாங்க, தையல் மிசின் மாதிரி?" அது பெடல் அத்தை, மிதிச்சா உள்ள கம்பிய அமத்தி வச்சிருக்குற கம்பளித் துண்டெல்லாம் மேல எழும்பிடும், கைய எடுத்தாலும் சத்தம் நிக்கும்னேன். "அப்ப காலும் பாடுது"ன்னாங்க.

வந்த காசுல மொத வேலையா ஆஸ்பத்திரி கிட்ட ரெண்டு ரூம் எடுத்தாச்சு, சமைக்கவும் எடம் இருக்கு, கஞ்சி காய்ச்சி குடுக்கலாம்.

நம்ம இலங்கையில ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் இந்த வாய்ப் புற்றுநோய்தான், பொகையில இல்லாம வெறும் பாக்கு போட்டாலும் வரும், அதனால இத வாசிக்கிறவங்க இன்னைக்கு வீட்டுல வெத்தல போடுறவங்க வாய டோர்ச் அடிச்சு பாருங்க, வெள்ளையா செவப்பா படர்ந்திருந்தா, ரெண்டு மூணு கெழமையாகியும் ஆறாத புண் இருந்தா, வாய் தொறக்குறது கொறஞ்சிருந்தா, கிட்ட இருக்குற கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பல் கிளினிக்குக்கு உடனே கூட்டிட்டு போங்க, வலி இல்லன்னு விட்டுடாதீங்க, மொதல்ல பெரும்பாலும் வலிக்காது.

அடுத்தத ஹட்டன் பக்கம் வைக்க ஆசை. பியானோ இருக்குற சர்ச், ஸ்கூல், பழைய பங்களா எதாவது தெரிஞ்சா சொல்லுங்க, பல வருஷமா தொடாம கெடந்தாலும் பரவாயில்ல, டியூனர் அண்ணே வந்து பாக்குறேன்னு சொல்லிட்டாரு.