மனு வாங்கும் மேசையில் கோட்டை விடுகிற இடங்கள்

போலீஸ் ஸ்டேஷனில் நாம் மனு வாங்கும்போது தகராறு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே வந்துவிடுகிறது. வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல், "எந்த ஏரியா? அது எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினால் அவர் நேராக எஸ்.பி. அலுவலகத்தில் போய் நிற்பார். அப்புறம் விளக்கம் எழுதி மாள வேண்டியது நாம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை வாங்கியே ஆக வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது நம் பொறுப்பு.

அடுத்த தப்பு அவசரம். செல்போனைப் பறிகொடுத்து நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் "பில் இருக்கா, ஐ.எம்.இ.ஐ. நம்பர் என்ன?" என்று பில்லையும் போனின் அடையாள எண்ணையும் கேட்டால் வாயடைத்துப் போவார். "அடி எதுவும் பட்டிருக்கா? உட்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நிமிஷம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வண்டி நிறம், வந்த திசை, பின்னால் உட்கார்ந்திருந்தவன் சட்டை எல்லாம் தானாக வரும். அந்த நம்பரைப் போன் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போன் கையில் இருந்ததா, பையில் இருந்ததா, எப்படிப் போனது என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கியிருந்தால் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பி.என்.எஸ். சட்டத்தின் 304-ஆவது பிரிவு, வெறும் திருட்டு என்றால் 303. இதைக் கேட்காமல் எழுதிவிட்டு, வாக்குமூலம் வேறு மாதிரி வந்து, கோர்ட்டில் அவஸ்தைப்பட்ட வழக்குகள் உண்டு. எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.

சாட்சியை வரச்சொல்வதிலும் நிறையக் கெட்டபெயர் வருகிறது. பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவு இடம் தரவில்லை. வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அக்கம்பக்கத்துத் தகவலும் சேர்ந்து கிடைக்கும். இடத்தகராறு மனுவென்றால் இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், அங்கேயே இன்னொரு வழக்கு முளைக்கும்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் மனுதாரருக்குத் தெரிவிக்கச் சட்டமே சொல்கிறது. அதற்கு முன்பே ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. "போன் இன்னும் ஆன் ஆகலைங்க, பார்த்துக்கிட்டே இருக்கோம்" என்று நாமாகச் சொன்னால் அவர் தினமும் வாசலில் வந்து நிற்க மாட்டார். பறித்தவனை வேறெங்காவது பார்த்தால் முதல் போன் நமக்குத்தான் வரும்.